சிறு குழந்தைகளுக்கும் சிறப்புக் கல்வி மாணவர்களுக்கும் அடிப்படை இயற்பியல் கற்பிக்கும் முறை

பள்ளிக்கு வருவதற்கு முன்பே குழந்தைக்கு இயற்பியல் ஓரளவு தெரியும். உருட்டிவிட்ட பந்து ஏறக்குறைய எங்கே போய் நிற்கும் என்பதைக் கை அறிந்திருக்கிறது. ஊஞ்சல் ஆடும்போது எந்தக் கணத்தில் காலை நீட்ட வேண்டும் என்பதை உடல் அறிந்திருக்கிறது. ஆசிரியரின் வேலை, அந்த அறிவுக்குப் பெயர் கொடுப்பதும், அது தவறிப்போகும் இடங்களைக் குழந்தையே கண்டுகொள்ளும்படி செய்வதும்தான். சிறப்புக் கல்வி மாணவர்களிடத்திலும் இதே வேலைதான். அவர்களுக்காகப் பாடத்தையே நீர்க்கச் செய்து, வண்ணம் தீட்டும் பயிற்சியாக மாற்றிவிடும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. உராய்வு எல்லோருக்கும் ஒரே உராய்வுதான். அது மாணவரைச் சென்றடையும் வழி, நாம் பேசும் சொற்களின் அளவு, பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் ஆகியவற்றைத்தான் ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டியிருக்கிறது.

எதிலிருந்து தொடங்குவது

தள்ளுதல், இழுத்தல் ஆகிய இரண்டிலிருந்தும் தொடங்குங்கள். இவற்றுக்குக் கருவி தேவையில்லை; படிக்கவோ எழுதவோ தெரியவேண்டிய கட்டாயமும் இல்லை. கதவைத் திற, நாற்காலியை நகர்த்து, கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இழு என்று செய்யச் சொல்லி, செய்யும்போதே ‘தள்ளுகிறாய்’, ‘இழுக்கிறாய்’ என்று பெயர் சொன்னால் விசைக்கான அடித்தளம் அமைந்துவிடும். இதன் பிறகு சாய்தளமும் உராய்வும், அதன்பின் விழுதல், மிதத்தல், வெப்பம், மின்சுற்று, காந்தம் என்று போகலாம். இந்த வரிசை கல்லில் செதுக்கியதன்று. ஒரு மாணவர் காந்தத்தில் மட்டுமே ஆர்வம் காட்டினால் காந்தத்திலேயே தள்ளுதலையும் இழுத்தலையும் கற்பித்துவிட முடியும்.

ஒரு வகுப்புக்கு ஒரு கருத்து போதும். ஒரு சோதனையில் ஒன்றே ஒன்று மட்டும் மாற வேண்டும். சாய்தளத்தின் உயரத்தை மாற்றும்போது அதில் விடும் பொம்மைக் காரையும் சேர்த்து மாற்றினால், எதனால் எது நடந்தது என்பதைப் பெரியவர்களாலேயே பிரித்தறிய முடியாது. அறிவுசார் குறைபாடுள்ள மாணவர்களுக்கு ஒரே சோதனையை மூன்று, நான்கு நாட்கள் அதே பொருள்களோடு திரும்பச் செய்வது நல்லது. நமக்குத்தான் அது சலிப்பு. அவர்களுக்கோ, பொருள்கள் பழகிய பின்பே அவற்றின் நடத்தையைக் கவனிக்க மனம் விடுபடுகிறது.

ஜெரோம் புரூனர் என்ற உளவியலாளர் 1960-களில் கற்றலை மூன்று நிலைகளாகப் பிரித்துக் காட்டினார்: கையால் செய்தல், படமாகப் பார்த்தல், குறியீடாகக் கையாளுதல். இயற்பியல் வகுப்பில் நாம் செய்யும் பெரிய தவறு, முதல் நிலையிலிருந்து மூன்றாவதற்குத் தாவுவது. நடுவில் உள்ள படத்துக்குப் போதிய நாட்களைக் கொடுங்கள். பார்வையற்ற மாணவருக்கு அது விரலால் தடவி அறியும் புடைப்புப் படமாக இருக்கும்.

முதலில் ஊகம், பிறகு சோதனை

எந்தச் சோதனையையும் ‘என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?’ என்று கேட்காமல் தொடங்காதீர்கள். ஊகிக்காமல் பார்த்த சோதனை வேடிக்கையாகக் கடந்துபோகும். ஊகித்துவிட்டுப் பார்த்தால், நடந்தது ஊகத்தோடு மோதும்போது மனத்தில் ஒரு கேள்வி தங்கிவிடுகிறது.

ஊகத்தைச் சொல்லால்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. இரண்டு படங்களில் ஒன்றைத் தொடலாம். தரையில் கார் நிற்கும் இடத்தில் ஒரு குச்சியை வைக்கலாம். பேச முடியாதவர், படங்களும் சொற்களும் உள்ள தம் தகவல் பலகையில் பார்வையைச் செலுத்திக் காட்டலாம். ஆனால் ஊகம் தவறும்போது ‘தப்பு’ என்ற சொல்லை ஆசிரியர் உச்சரிக்கவே கூடாது. தோல்வியை நிறையச் சந்தித்த மாணவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் ஊகிப்பதையே நிறுத்திவிடுவார்கள். இடையிடையே ஆசிரியரும் உரக்க ஊகித்து, தவறி, அதை இயல்பாக ஏற்றுக்கொள்வதைக் காட்டுங்கள்.

காத்திருப்பது இதைவிடக் கடினம். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டினால் மாணவர்களின் பதில்கள் நீளமாகவும் பொருளுள்ளவையாகவும் மாறுகின்றன என்பதையும் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் எடுத்துக்காட்டினார். மூளை முடக்குவாதம் உள்ள மாணவருக்கும் தகவல் பலகையைப் பயன்படுத்துபவருக்கும் மூன்று வினாடி போதாது. மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். அதற்குள் கேள்வியை வேறு சொற்களில் திருப்பிக் கேட்டுவிட்டால், அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

சொற்களில் வரும் சிக்கல்

தமிழில் இயற்பியல் கற்பிப்பவர் அவசியம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒளி, ஒலி என்ற இரு சொற்களும் ஓர் எழுத்தால் மட்டுமே வேறுபடுகின்றன. பலருடைய பேச்சில் அந்த வேறுபாடும் இல்லை. லகரத்துக்கும் ளகரத்துக்கும் நாக்கு வாய்க்குள் மாறுகிறதே தவிர உதடு மாறுவதில்லை. ஆகவே உதட்டசைவைப் படிக்கும் மாணவருக்கு இரண்டும் ஒரே சொல். வாசிப்புக் குறைபாடு உள்ளவருக்கு எழுத்திலும் குழப்பம். எதிரொளிப்பு, எதிரொலிப்பு என்று போகும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. வெளிச்சம், சத்தம் என்ற சொற்களோடு பல வாரங்கள் ஓட்டிவிட்டு, கருத்து உறுதிப்பட்ட பின் பாடநூல் சொல்லை ஒரு படத்தோடு சேர்த்து அறிமுகப்படுத்துவதே என் வழக்கம்.

விசை என்பது பேச்சு வழக்கில் பொத்தானையும் குறிக்கும்; திறன் என்பது திறமையையும் குறிக்கும்; அழுத்தம் என்றால் மனத்தில் வருவது வேறு. ஒரு சொல்லைத் தேர்ந்துவிட்டால் அதையே பயன்படுத்துங்கள். ஒரு நாள் ‘சக்தி’, மறுநாள் ‘ஆற்றல்’, இன்னொரு நாள் ‘எனர்ஜி’ என்று மாற்றினால், ஆட்டிசம் உள்ள மாணவர் அவற்றை மூன்று வெவ்வேறு பொருள்களாக எடுத்துக்கொள்ளக்கூடும். நிறை, எடை என்ற வேறுபாட்டைச் சிறு வகுப்புகளில் தொடவே வேண்டாம், எடை போதும்.

சைகை மொழியில் பல அறிவியல் சொற்களுக்கு எல்லோரும் அறிந்த சைகை இருப்பதில்லை. மொழிபெயர்ப்பாளரோடும் மாணவரோடும் பாடத்துக்கு முன்பே உட்கார்ந்து, எந்தச் சொல்லுக்கு எந்தச் சைகை என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். செவித்திறன் குறைந்த மாணவரால் சோதனையையும் சைகையையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது என்பதையும் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். பேசி முடியுங்கள், நிறுத்துங்கள், பிறகு செய்து காட்டுங்கள்.

சாய்தளம்: ஒரு பாடத்தை முழுமையாக நடத்துதல்

ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள வழுவழுப்பான பலகை, ஒரே தடிமனுள்ள மூன்று புத்தகங்கள், சக்கரம் நன்றாகச் சுழலும் பொம்மைக் கார், மூன்று விரல் அகலத்துக்கு வெட்டிய நீளமான காகித நாடா. இவை போதும். பலகையின் ஒரு முனையை ஒரு புத்தகத்தின் மேல் வைத்து, காரைத் தள்ளாமல் விட்டுவிடச் சொல்லுங்கள். ‘தள்ளாமல் விடு’ என்பதைத் தனியாகப் பழக்க வேண்டும்; பெரும்பாலான குழந்தைகளின் கை தன்னை அறியாமல் ஒரு தள்ளு தள்ளிவிடும். காருக்கு முன்னால் ஓர் அட்டையைத் தடுப்பாக வைத்து அதை உயர்த்தச் செய்தால் இந்தச் சிக்கல் தீரும். கை நடுக்கமுள்ள மாணவரும் அட்டையில் கட்டிய நூலை இழுத்துக் காரை விடுவித்துவிடலாம்.

கார் நின்ற இடம்வரை நாடாவை நீட்டி வெட்டுங்கள். அளவுகோல் வேண்டாம், நாடாவே அளவு. ஒவ்வோர் உயரத்துக்கும் மூன்று முறை விட்டு, மூன்று நாடாக்களில் நடுத்தரமானதை மாணவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சராசரி என்ற சொல்லைச் சொல்லாமலேயே அதன் தேவை புரிந்துவிடும். ஒரு புத்தகம், இரண்டு புத்தகம், மூன்று புத்தகம் என்று கிடைத்த நாடாக்களைச் சுவரில் அடிப்புறம் ஒரே கோட்டில் இருக்கும்படி ஒட்டினால், மாணவர் தம் கையால் உருவாக்கிய வரைபடம் அங்கே நிற்கும். எண்களோடு மல்லுக்கட்டும் மாணவர்களும் அதைத் தடங்கலின்றி வாசிப்பார்கள். நாடாவுக்குப் பதிலாகத் தடித்த கயிற்றை ஒட்டினால் பார்வையற்றவரும் தடவி ஒப்பிடலாம்.

அடுத்த நாள் உயரத்தை மாற்றாமல் தரையை மட்டும் மாற்றுங்கள்: வெறுந்தரை, துணி, கம்பளம். நாடா சுருங்குவதைக் கண்ட பின்பு உராய்வு என்ற பெயரைச் சொன்னால் அது ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் இருந்தால், உராய்வையும் சரிவையும் பற்றி அந்த அறையில் அதிகம் அறிந்தவர் அவரே. பல நாடுகளின் கட்டட விதிகள் சரிவுப் பாதைக்கு 1:12 என்ற விகிதத்தை வைத்திருக்கின்றன. அதாவது ஒரு மீட்டர் உயரம் ஏற 12 மீட்டர் நீளமான பாதை வேண்டும். குறைந்த விசை, நீண்ட தூரம் என்ற பேரத்தை அவரால் தம் தோளின் அனுபவத்திலிருந்தே விளக்க முடியும். ஆனால் முதலில் தனியாகக் கேளுங்கள். விருப்பமில்லாதவரைச் சோதனைப் பொருளாக்குவது கற்பித்தல் ஆகாது.

விழுதலைக் காதால் அறிதல்

கனமான பொருள் வேகமாக விழும் என்ற நம்பிக்கை பெரியவர்களிடமும் உறுதியாக இருக்கிறது. ஒரே அளவுள்ள இரண்டு தாள்களை எடுத்து, ஒன்றைக் கசக்கி உருண்டையாக்கி இரண்டையும் ஒரே உயரத்திலிருந்து விடுங்கள். எடை மாறவில்லை, ஆனாலும் உருண்டை முந்துகிறது. அடுத்து, விரித்த தாளை, அதைவிடப் பெரிய புத்தகத்தின் மேல் படிய வைத்துவிட்டு விடுங்கள். இரண்டும் சேர்ந்தே விழும். தாளைத் தாமதப்படுத்தியது காற்றுதான் என்பதை இங்கே சொல்லலாம். 1971-ஆம் ஆண்டில் அப்போலோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்காட் காற்றில்லாத நிலவில் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாக விட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. அந்தக் காணொளியைக் காட்டினால் வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிடும்.

விழும் பொருள் போகப்போக வேகம் கூடுகிறது என்பதைக் காதால் கேட்கவும் வைக்கலாம். ஏறக்குறைய 180 செ.மீ. நூலில் ஐந்து இரும்பு நட்டுகளைக் கட்டுங்கள்: ஒன்று நுனியில், மற்றவை நுனியிலிருந்து 40, 80, 120, 160 செ.மீ. தூரத்தில். தரையில் ஒரு தகரத் தட்டைக் கவிழ்த்து வைத்து, நுனி நட்டு அதைத் தொடும்படி நூலைச் செங்குத்தாகப் பிடித்து விட்டுவிடுங்கள். தட்டில் விழும் ஓசைகளின் இடைவெளி குறைந்துகொண்டே வரும். இப்போது இன்னொரு நூலில் நட்டுகளை 10, 40, 90, 160 செ.மீ. தூரத்தில் கட்டி விடுங்கள். தூரங்கள் சமமில்லை, ஓசைகளோ சீரான தாளத்தில், ஏறக்குறைய ஒரு வினாடியின் ஏழில் ஒரு பங்குக்கு ஒன்றாக, வரும். ஒரே நேரத்துக்குள் மேன்மேலும் கூடுதலான தூரத்தைக் கடந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லாம் அரை வினாடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் முடிந்துவிடும் என்பதால் பலமுறை செய்ய வேண்டும். கைப்பேசியில் பதிந்து மெதுவாக ஓடவிட்டால் தெளிவாகக் கேட்கும். பார்வையற்ற மாணவர் இந்தச் சோதனையில் மற்றவர்களை முந்திக்கொண்டு விளக்குவார். சத்தத்துக்குக் கூசும் மாணவர் இருந்தால் தட்டின் மேல் மெல்லிய துணி விரியுங்கள்.

மின்சுற்று

மின்னோட்டம் பல்பில் ‘செலவாகிவிடுகிறது’ என்ற எண்ணத்தை மாற்றுவதுதான் இங்கே முக்கியம். ஆறேழு பேர் வட்டமாக உட்கார்ந்து, இரு முனைகளையும் ஒன்றோடொன்று முடிச்சிட்டு வளையமாக்கிய ஒரே கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொள்ளட்டும். ஆசிரியர்தான் மின்கலம்: ஒரு கையால் இழுத்து, மறு கையால் விட்டுக்கொண்டே இருக்கிறார். கயிறு எல்லோர் கையிலும் ஒரே நேரத்தில் நகரத் தொடங்கும். ஒருவரை மட்டும் சற்று இறுக்கிப் பிடிக்கச் சொன்னால் அவருடைய உள்ளங்கை சூடாகும், அவர்தான் பல்பு. கயிறு ஓர் அங்குலம்கூடக் குறையாமல் ஆசிரியரிடம் திரும்பி வருகிறது; ஆற்றல் மட்டும் அந்த உள்ளங்கையில் தங்கிவிடுகிறது. மெதுவாக இழுங்கள், வேகமாக இழுத்தால் தோல் உரியும்.

இது ஓர் உருவகம் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. ‘கம்பிக்குள் கயிறு எங்கே இருக்கிறது?’ என்று ஆட்டிசம் உள்ள ஒரு மாணவர் என்னிடம் மிகுந்த அக்கறையோடு கேட்டார். பிழை என்னுடையது, ‘போல’ என்ற சொல்லை நான் விழுங்கியிருந்தேன்.

உண்மையான சுற்றுக்கு இரண்டு 1.5 வோல்ட் மின்கலங்களும் ஒரு டார்ச் பல்பும் போதும். எல்.இ.டி. பயன்படுத்தினால் ஏறக்குறைய 100 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்க்க வேண்டும்; முனைகளை மாற்றி இணைத்தால் எரியாது என்பதால் தொடக்கநிலையினருக்கு அது வீண் குழப்பம். பார்வையற்றவருக்குப் பல்புக்குப் பதில் சிறு பஸ்ஸர் வையுங்கள். விரல் பிடிப்புக் குறைந்தவருக்கு முதலைக் கவ்வியை அழுத்துவது சிரமம். காந்த முனையுள்ள கம்பிகளோ அட்டையில் பதித்த பெரிய உலோகத் தகடுகளோ உதவும். மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் கம்பி சுடும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டு மின் இணைப்பை எந்தச் சோதனைக்கும் தொடக்கூடாது.

மிதத்தலும் வெப்பமும்

எண்ணெய் சேர்ந்த மாடல் களிமண்ணை உருண்டையாக்கினால் மூழ்கும். அதே களிமண்ணைக் கிண்ணம்போல் அகட்டினால் மிதக்கும். எடை மாறாததால் ‘கனமானது மூழ்கும்’ என்ற விதி அங்கேயே உடைகிறது. மூடிய காலிப் புட்டியை வாளித் தண்ணீருக்குள் அமுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் எதிர்த்துத் தள்ளுவதைக் கை உணரும். மிதப்பு விசை என்ற பெயர் அதன்பின் வரட்டும்.

வெப்பத்தில் எனக்குப் பிடித்தது கம்பளிச் சோதனை. ஒரே அளவிலான இரண்டு பனிக்கட்டிகளில் ஒன்றைத் திறந்து வைத்து, மற்றதைக் கம்பளித் துணியில் நன்றாகச் சுற்றி வையுங்கள். கம்பளி சூடு தருவதால் சுற்றிய கட்டி விரைவில் உருகும் என்றே பெரும்பாலோர் ஊகிப்பார்கள். உருகாமல் நீடிப்பது அதுதான். கம்பளி வெப்பத்தை உண்டாக்குவதில்லை, கடத்தாமல் தடுக்கிறது என்பதை ஊகம் பொய்த்த அந்த நேரத்தில் சொல்லுங்கள்.

ஏற்பாடுகளும் எச்சரிக்கைகளும்

ஆட்டிசம் உள்ள மாணவருக்குப் பாடத்தின் படிகளைப் படவரிசையாக மேசையில் ஒட்டிவிட்டு, முடிந்த படியை அவரே அகற்றும்படி செய்தால் பதற்றம் குறையும். பெருஞ்சத்தம், திடீர் வெளிச்சம், ஈரமான பிசுபிசுப்பு ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிலைமின்சாரம் காட்டுவதற்காக ஊதிய பலூன் ஒன்று என் கையில் வெடித்து, ஒரு சிறுமி அடுத்த இரண்டு வாரங்கள் அந்த அறைக்குள் வர மறுத்தாள். அதன்பிறகு நான் பிளாஸ்டிக் சீப்பையே பயன்படுத்துகிறேன். கவனம் சிதறும் மாணவருக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலையைவிட, காரை விடுவது, நாடாவை வெட்டுவது போன்ற ஓயாத பொறுப்பு பொருந்தும். சத்தம் பற்றிய பாடத்தில் செவித்திறன் குறைந்தவரை விலக்கிவிட வேண்டியதில்லை. ஒலிபெருக்கியின் மேல் விரலை வைத்து, அல்லது கிண்ணத்தின் வாயில் இழுத்துக் கட்டிய தாளின் மேல் உப்பைத் தூவி அது துள்ளுவதைப் பார்த்து, அதிர்வை எல்லோரும் சேர்ந்தே அறியலாம்.

மாணவர்களின் மருத்துவக் குறிப்புகளைப் படிக்காமல் காந்தத்தை வெளியே எடுக்காதீர்கள். காது கேட்பதற்காக அறுவை செய்து காக்ளியர் கருவி பொருத்தியவர்களின் தலைக்குள் காந்தம் இருக்கிறது. மூளையில் நீர்க்கோர்வைக்காக வெளியிலிருந்து சரிசெய்யக்கூடிய வால்வு பொருத்தியிருந்தால், அருகில் வரும் காந்தம் அதன் அமைப்பை மாற்றிவிடக்கூடும். காக்ளியர் கருவி அணிந்தவர் நிலைமின்சாரச் சோதனைக்கு முன் அதன் வெளிப்பகுதியைக் கழற்றி வைக்க வேண்டுமா என்பதைப் பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்த குழந்தைகளிடம் லேட்டக்ஸ் (பலூன் செய்யப் பயன்படும் இயற்கை ரப்பர்) ஒவ்வாமை மிகுதி. பலூனைத் தவிர்க்க இதுவும் ஒரு காரணம். வலிப்பு நோய் உள்ளவர் இருக்கும் அறையில் மின்னி மின்னி எரியும் விளக்கு கூடாது. பொருள்களை வாயில் வைக்கும் பழக்கம் உள்ளவரிடம் பொத்தான் மின்கலமும் சிறு நியோடிமியம் காந்தமும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவே கூடாது. உணவுக்குழாயில் சிக்கிய பொத்தான் மின்கலம் இரண்டே மணி நேரத்தில் கடும் புண்ணை உண்டாக்கும். விழுங்கிய இரண்டு காந்தங்கள் குடலின் சுவர்களை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளைத்துவிடும். சந்தேகம் எழுந்தாலே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வகுப்பு முடிந்ததும் காந்தங்களை எண்ணிப் பெட்டியில் வைப்பதை வழக்கமாக்குங்கள். எண்ணும் பொறுப்பை மாணவர் ஒருவரிடமே கொடுக்கலாம்.

புரிந்ததா என்று அறிதல்

வரையறையை ஒப்பிக்கச் சொல்வதால் ஒன்றும் தெரியாது. பொருளை மாற்றி, ஊகத்தைக் கேளுங்கள். சாய்தளத்தில் கார் விட்டுப் பழகியவரிடம் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, எங்கே நிற்கும் என்று குச்சியை வைக்கச் சொல்லுங்கள். காருக்கு வைத்த இடத்தைவிட வெகுவாகப் பக்கத்தில் வைத்தால், சக்கரம் இல்லாதது உரசி நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் ஒரு சொல்கூடப் பேசியிருக்க வேண்டியதில்லை.

துணை ஆசிரியரோ பெற்றோரோ அருகில் இருந்தால், அவர்கள் மாணவரின் கையைப் பிடித்துச் சரியான விடைக்கு நகர்த்திவிடுவது உண்டு. முழுக் கைப்பிடி, முழங்கையில் மெல்லிய தொடுகை, சுட்டிக் காட்டுதல், வெறும் பார்வை என்று உதவியைப் படிப்படியாகக் குறைத்து, எந்த அளவு உதவியோடு செய்தார் என்பதையும் தேதியோடு குறித்து வையுங்கள். அவர் சொன்ன ஊகத்தையும் அவருடைய சொற்களிலேயே அதே தாளில் எழுதிக்கொண்டால், அடுத்த வகுப்பின் முதல் கேள்வி தயாராக இருக்கும்.